நூறு கிராம்

2024 ஜூன் 11

காலையில் சேலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது சலூன் ராசப்பண்ணன் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங் தமிழு, இன்னும் எத்தன மாசத்துக்கு என்ற பொழப்புல மண்ணு?" கார்த்திகை வரைக்கும் என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் தாடிக்குக் காரணம் சோகம் இல்லை, சௌந்தர்யா முழுகாமல் இருக்கிறாள் என்பது சேந்தமங்கலம் முழுக்கத் தெரியும்.

மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம். பல வீடுகளில் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான் ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டில், நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே அம்மா என் ரேசரை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். சௌந்தர்யாவுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டாவது தடவை நான் ஒரு சண்டைக்காக மும்பையில் இருந்தேன்.

"முடிக்கும் வயித்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"சம்பந்தம் இல்லாமயே இருக்கட்டும் சாமி. வளத்துனா உனக்கு என்ன, காசா பணமா?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால் வெளியே நின்று செருப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். ஆனால் அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை, போய்ச் சேர்ந்த அப்பா உட்பட. தாடிக்குள் சோற்றுப் பருக்கை ஒளிந்துகொள்கிறது. வளரட்டும்.

ஜூன் 17

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இன்று மிளகாய் லோடு இறக்கினார்கள். எங்கள் ஜிம் ஒரு மளிகை மண்டிக்கு மேல்மாடியில் இருக்கிறது. குத்துவதற்கு முன்னால் ஒரு தும்மல், குத்திய பிறகு ஒரு தும்மல். மாதையன் மாஸ்டர் மட்டும் தும்மவில்லை. மேட்டூர்க்காரர், பட்டாளத்தில் பாக்ஸிங் ஆடியவர். மூக்கு எப்போதோ செத்துவிட்டது என்பார்.

பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு உட்கார்ந்து யோசித்தேன். முப்பத்தொரு வயது. ஒன்பது வருடமாக இந்தத் தொழில். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த இந்தச் சண்டைக்கு எங்கள் ஊரில் இன்னும் பேர் வைக்கவில்லை. குஸ்தி என்றே சொல்கிறார்கள். பதினான்கு சண்டை, ஒன்பதில் ஜெயித்திருக்கிறேன். எங்களுக்குக் கூலி இரண்டாக வரும். கூண்டுக்குள் போய் நின்றதற்குப் பாதி, ஜெயித்தால் மீதிப் பாதி. தோற்றால் பாதிக் கூலியோடு வரவேண்டும், உடைந்த மூக்கு நம் செலவு. வருடத்துக்கு இரண்டு சண்டை கிடைத்தால் நல்ல வருடம். மற்ற மாதமெல்லாம் மண்டிக்காரர் வீட்டுப் பையன்களுக்குத் தொப்பை குறைத்துவிடுகிறேன். அதுதான் சோறு போடுகிறது.

கேட்பவர்களிடம் நான் ஃபைட்டர் என்றுதான் சொல்கிறேன். டிரெயினர் என்று சொல்லலாம். வாய் வருவதில்லை.

ஜூன் 23

மாமனார் வந்திருந்தார். மகளுக்குக் கொய்யாப்பழம், எனக்குப் புத்திமதி. அவருக்குப் போர்வெல் ரிக் வண்டி ஒன்றில் பங்கு இருக்கிறது; மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று ஓடும். வண்டியோடு போய் வரவு செலவு பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டுமாம்.

"மாப்ள, நான் தப்பாச் சொல்லலைங்க. அடி குடுக்கறவனுக்குக் கூலி சரி. அடி வாங்கறதுக்குக் கூலி வாங்கற பொழப்ப நான் எங்கயும் பாத்ததில்லீங்க."

கோபம் வந்தது. சௌந்தர்யா உள்ளிருந்து, "அப்பா, டீ ஆறுது" என்றாள். அவள் எனக்காகப் பேசுகிற விதம் இது. அப்பாவின் வாயில் டீயை ஊற்றி அடைப்பாள்.

ஜூலை 3

அசைவு தெரிகிறதாம். கையை எடுத்து வைத்துக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

ஜூலை 20

சண்டை உறுதியாகிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் பெங்களூர். எதிராளி அரியானாக்காரன், தொடர்ந்து ஐந்தில் ஜெயித்தவன். அதைவிடப் பெரிய செய்தி: துபாய்ப் போட்டிக்காரர்கள் ஆள் எடுக்க வந்து உட்காரப் போகிறார்கள். அங்கே மூன்று சண்டைக்கு ஒப்பந்தம் கிடைத்தால், ஒரு சண்டைக்கு நிற்கிற கூலியே நான் இங்கே மூன்று வருடம் சம்பாதிப்பதற்குச் சமம்.

மாஸ்டர் சொன்னார்: "இது போச்சுன்னா அடுத்தது வராது தமிழு. உன் வயசுல யாரும் காத்திருக்க மாட்டாங்க."

எனக்கும் தெரியும். இது நடந்தால் இன்னும் நான்கைந்து வருடம் ஃபைட்டர். இல்லாவிட்டால் ரிக் வண்டி.

ஆகஸ்ட் 14

எடை இறக்க ஆரம்பித்து மூன்று வாரம். உப்பு இல்லை, சோறு இல்லை. நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமில்லை; வெள்ளைக் கருவைத் தின்று தின்று முட்டை லாரியைப் பார்த்தாலே குமட்டுகிறது. சௌந்தர்யாவுக்கு எடை போதவில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டில் ஒருத்தி ஏற வேண்டும், ஒருவன் இறங்க வேண்டும். அவள் சோற்றுக்கு நெய் ஊற்றிக்கொள்ளும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். அதைப் பார்த்துவிட்டு இப்போதெல்லாம் சமையல்கட்டில் ஒளிந்துகொண்டு சாப்பிடுகிறாள். பாவம்.

ஆகஸ்ட் 23, பெங்களூர்

எழுதிவிட வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு எடை. அறுபத்தொன்று புள்ளி ஏழு வரை விடுவார்கள். நேற்றிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு வெந்நீர்த் தொட்டியில் கிடந்தேன். இளவழகன் உடன் வந்திருக்கிறான், எங்கள் ஜிம் பையன், என் எடைப்பிரிவுதான், அடுத்த வருடம் இவனும் பெரிய சண்டைக்கு வந்துவிடுவான். அவனும் மாஸ்டரும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் மேடைக்குக் கூட்டிப்போனார்கள்.

அறுபத்தொன்று புள்ளி எட்டு.

துண்டை மறைப்பாகப் பிடித்து ஜட்டியையும் கழற்றி நின்றேன். அதே எட்டு. நூறு கிராம். ஒரு டீக்குக்கூட அதைவிட எடை இருக்கும். ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். இறங்காவிட்டால் கூலியில் மூன்றில் ஒரு பங்கு எதிராளிக்கு. அதுகூடப் போகட்டும். எடை தவறியவனைத் துபாய்க்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மறுபடியும் வெந்நீர். வேர்வை வரவில்லை. வர என்ன இருக்கிறது உள்ளே? எச்சில் துப்பச் சொன்னார் மாஸ்டர், அதுவும் வரவில்லை. அவர் என் தலையையே பார்த்தார். இளவழகனும் பார்த்தான். பையிலிருந்து டிரிம்மரை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தார். அவருக்கு எல்லாம் தெரியும். இளவழகனுக்கும் தெரியும்.

"நான் சொல்ல மாட்டேன்டா. நீ பாத்துக்க" என்றார்.

போனைக் கையில் எடுத்தேன். சௌந்தர்யாவைக் கேட்டால் வெட்டிக்குங்க என்றுதான் சொல்வாள். அதற்குப் பிறகு அது அவள் சொன்னதாக ஆகிவிடும். இதை அவள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று போனைக் கீழே வைத்தேன். முடிதானே. எனக்குத்தான் நம்பிக்கை கிடையாதே!

இளவழகன்தான் எடுத்துவிட்டான். தலை, தாடி, எல்லாம். குளியலறைத் தரையில் குவிந்து கிடந்ததைப் பார்க்காமல் தாண்டி வந்தேன். அவசரம்தான், வேறொன்றும் இல்லை.

அறுபத்தொன்று புள்ளி ஏழு. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆகஸ்ட் 24

ஜெயித்தேன். மூன்றாவது ரவுண்டு, பின்னாலிருந்து கழுத்துப் பிடி. துபாய்க்காரர் ஒருவர் வந்து கை கொடுத்து, "கூப்பிடுகிறோம்" என்றார்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள். "பாத்தோம்" என்றாள். இளவழகன் நேற்றே என் மொட்டைத்தலைப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். "சாப்புட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். ஜெயித்தாயா என்று கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 26

சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மழுங்க எடுத்த தலையும் முகமுமாக என்னைப் பார்த்ததும் ராசப்பண்ணன் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "எப்பங்க தமிழு? ஒரு வார்த்த சொல்லலியே?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. பொண்டாட்டி மாசமாக இருக்கிறவன் மொட்டை அடித்துக்கொண்டு வந்தால் ஊர் வேறு என்ன நினைக்கும்? ஒன்றும் ஆகவில்லை, நல்லா இருக்கா, போட்டிக்காக எடுத்தது என்றேன். அவர் பிடித்திருந்த கையை மெதுவாக விட்டார். "போட்டிக்கா?" என்றார். அவ்வளவுதான். டீக்கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அம்மா தட்டை வைத்தாள், சோறு போட்டாள், தலையைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

சௌந்தர்யா கிட்ட வந்து தலையைத் தடவினாள். "முடிதானுங்களே. வளந்துக்கும்" என்று சிரித்தாள். இன்னொரு கை வயிற்றின்மேல் இருந்தது. அந்தக் கையை எடுக்கவே இல்லை.

செப்டம்பர் 6

சௌந்தர்யா பயந்துபோயிருக்கிறாள். பேச்சில் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வேலையாக இருந்தாலும் நடுவில் நின்றுவிடுகிறாள். அசைவுக்காகக் காத்திருக்கிறாள். துணியைக் கொடியில் போடப் போனவள் துணியும் கையுமாகத் தோட்டத்தில் நிற்கிறாள். அசைந்தால் மூச்சு விடுகிறாள், அசையாவிட்டால் முகம் வெளுத்துப்போகிறது. சோறு இறங்கவில்லை. நெய் டப்பா திறக்காமல் கிடக்கிறது.

நான்தான் இந்தப் பயத்தைக் கொண்டுவந்து வைத்தேன். நூறு கிராமுக்கு.

துபாயிலிருந்து தகவல் இல்லை.

செப்டம்பர் 18, சேலம்

நேற்று டாக்டரம்மா பிரஷரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பவே இல்லை. நேராகச் சேலத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு. இன்று மத்தியானம் ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட்டார்கள். எட்டாம் மாதம் இப்போதுதான் தொடங்குகிறது.

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஒன்று முந்நூறு. சௌந்தர்யா பிழைத்துக்கொண்டாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். வாயில் குழாய். விலா எலும்பு ஏறி ஏறி இறங்குகிறது.

டாக்டரிடம் கேட்டேன். பயந்ததால் இப்படி ஆகுமா? சில பேருக்குப் பிரஷர் ஏறும், இதற்குக் காரணமெல்லாம் தேடாதீங்க என்றார். தேடாமல் எப்படி இருப்பது? மாமனார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

செப்டம்பர் 20

இன்னைக்கு எடை போட்டுட்டு நர்ஸ் வந்து சொல்லிச்சு. ஆயிரத்து இருநூறாம். நூறு கிராம் குறைஞ்சிருக்கு. பிறந்த பிள்ளைக்கு மொத ரெண்டு மூணு நாள் குறையறது சகஜந்தாங்க, பயப்படாதீங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிருச்சு.

நூறு கிராம். அதே நூறு கிராம். யார் இப்படிக் கணக்குப் பாக்கறா?

எடை எப்படிக் குறையும்னு என்னைவிட யாருக்குத் தெரியும். தண்ணி போகும், அப்புறம் சதை போகும், அப்புறம் நிக்கறதுக்கே ஆள் பிடிக்கணும். அதை யார் பிடிப்பா அந்தப் பெட்டிக்குள்ள? குறைக்க அங்க என்ன இருக்கு?

லிஃப்டுக்குப் பக்கத்துல தண்ணி புடிக்கிற இடம். அங்க நின்னேன். செவத்துல தலைய வெச்சுக்கிட்டுச் சொன்னேன். இது பொழைச்சு வந்துச்சுன்னா இனி கூண்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். ஜென்மத்துக்கும். வாய்விட்டே சொன்னேன். பின்னால பாட்டிலோட நின்னவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்னார்.

செப்டம்பர் 23

நாற்பது கிராம் ஏறியிருக்கிறது.

அக்டோபர் 9

பெட்டியிலிருந்து எடுத்து இன்று சௌந்தர்யாவின் நெஞ்சின்மேல் வைத்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தாள். நான் இருவரையும் பார்த்தேன். தினமும் ஏறுகிறது. இருபது, முப்பது, ஒரு நாள் ஐம்பது.

அக்டோபர் 25

வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா ஆரத்தி எடுத்தாள். பெங்களூரில் வாங்கிய கூலி மொத்தமும் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. போதாததை மாமனார் கட்டினார். என்னிடம் காட்டிக்கொள்ளவும் இல்லை, கணக்கும் சொல்லவில்லை. அந்த மனுஷன்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஜிம்முக்குப் போகிறேன், சொல்லிக்கொடுக்க மட்டும். மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஓய்வு எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 16

கணக்குப்படி இன்றுதான் பிறந்திருக்க வேண்டும்.

2025 ஜனவரி 21

வந்துவிட்டது.

ஐந்து மாதம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு இன்று மாஸ்டருக்குப் போன் வந்திருக்கிறது. துபாய், மூன்று சண்டை ஒப்பந்தம், முதலாவது மே மாதம். ஜிம்மில் எல்லோரும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கீழே மண்டிக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று பார்த்துவிட்டு எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். நானும் சிரித்தேன். போண்டா தின்றேன்.

ஒன்பது வருடம் இதற்குத்தானே அடி வாங்கினேன்.

பஸ்ஸில் வரும்போது ராசிபுரம் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், எழவு வீட்டுக்குப் போறீங்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 26

மாமனார் மாறிவிட்டார். தொகையைக் கேட்டதிலிருந்து வேறு ஆள். "நான் வெளயாட்டத் தப்பா நெனச்சுட்டேன் மாப்ள. நீங்க போயிட்டு வாங்க, ஊட்டப் பத்திக் கவலப்படாதீங்க. பாப்பாவ நாங்க பாத்துக்கறோம்."

மாலையில் பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டே சௌந்தர்யாவும் சொன்னாள். "நான் குறுக்க நிக்க மாட்டேனுங்க. போன தடவ நாந்தான் கண்டதையும் நெனச்சுப் பயந்துக்கிட்டேன். அதுலதான் எல்லாம் ஆச்சு. இப்பப் பயமில்லீங்க."

அவளால் ஆயிற்றாம்! ஆஸ்பத்திரியில் கொடுத்த வார்த்தையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? அம்மாவிடம் போகும். அம்மா பூசாரியிடம் போவாள். அவர் ஒரு பரிகாரம் சொல்வார், எல்லோரும் சேர்ந்து என்னை அனுப்பிவைப்பார்கள். அதற்குப் பிறகு என்றைக்காவது பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்?

செருப்புக்குக் காவல் இருந்தவன் பேசுகிற பேச்சா இது. தெரிகிறது. ஆனாலும் முடியவில்லை.

பிப்ரவரி 2

நான் இழுத்தடிப்பதைப் பார்த்து அம்மாவே குலசாமியிடம் பூ கேட்டுவிடலாம் என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போனோம். நான் முதல் தடவையாக உள்ளே போனேன்.

ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, ஒன்றில் வெள்ளை அரளி. இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டார் பூசாரி. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. பூசாரி வீட்டுச் சின்னப் பெண் எடுக்க வேண்டும். சிவப்பு வரட்டும் என்று நினைத்தேன். வந்துவிட்டால் சாமி தடுத்துவிட்டது என்று எல்லோருக்கும் ஆகிவிடும். யார் மனசும் நோகாது, சௌந்தர்யாவும் தன்மேல் போட்டுக்கொள்ள மாட்டாள். அந்தப் பெண் கையை நீட்டும்போது சிவப்பு, சிவப்பு என்று பல்லைக் கடித்தேன்.

வெள்ளை.

மாமனார் கும்பிட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா ஆறு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "சாமியே உத்தரவு குடுத்திருச்சு கண்ணு. இனி என்ன?"

சாமியிடம் இவர்கள் கேட்டது போகலாமா என்று மட்டும்தான். நான் ஏற்கெனவே ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன் என்று யார் அதற்குச் சொன்னார்கள்?

பிப்ரவரி 5

கால் முட்டி போய்விட்டது, இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டிலும் ஜிம்மிலும் ஒரே பொய்.

பிப்ரவரி 9

மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளைக்கு ஒரு கவுன் வாங்கி வந்திருந்தார். கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்தார். பிறகு என்னைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போனார்.

"முட்டில ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். நேத்து நீ ஸ்கிப்பிங் ஆடுனதப் பாத்தேன். பயமா?"

"ஆமாங்க மாஸ்டர்" என்றேன். அது பொய் இல்லை.

"அடிக்கா?"

அவர் என்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது வருடம் சொந்தப் பிள்ளையாகப் பார்த்த மனுஷன். வண்டியில் ஏறும்போது, இளவழகன் பேரைக் கொடுக்கப் போகிறேன் என்றார். நல்ல பையன் என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சௌந்தர்யா வாசலில் பிள்ளையோடு நின்றிருந்தாள். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. அப்போதிலிருந்து என்னோடு பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள், ஒறம்பரை வீட்டில், விருந்தாளியாகப் பேசுவதுபோல.

பிப்ரவரி 24

நாளை ரிக் வண்டியோடு கிளம்புகிறேன். மழை தொடங்குகிறவரை வேலை. மாதச் சம்பளம். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே கூலி.

ஏப்ரல் 6, சத்தீஸ்கர்

அறுநூறு அடி போட்டும் தண்ணீர் இல்லை, வெறும் புகைதான். நிலத்துக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டிரில்லரும் பையன்களும் அடுத்த பாயிண்டுக்குப் போக வண்டியில் ராடு ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கண், காது, பல்லிடுக்கு எல்லாம் கல்மாவு. என் பெயர் இங்கே மேனேஜர்.

மே 11, சத்தீஸ்கர்

நேற்று இளவழகன் துபாயில் கூண்டுக்குள் இறங்கினான். முதல் ரவுண்டிலேயே தோற்றுவிட்டான், தாடையில் ஒரு குத்து. காலையில் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணா, நீங்க இருந்திருந்தா நின்னிருப்பீங்க." நின்றிருப்பேன். அவன் குத்து வரும்போது வலது கையைக் கீழே போடுகிறான்; எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தோற்றதற்குக் கிடைக்கிற பாதிக் கூலியிலேயே அவன் ஊரில் நிலம் வாங்கிவிடுவான். சந்தோஷமாக இரு என்று பதில் போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன், பாதி.

மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது சௌந்தர்யா கூப்பிட்டாள். அவளும் பார்த்திருக்கிறாள். பிள்ளை குப்புற விழுந்து நகர்வதைச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்க. பாப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப நீங்க ஏதாச்சும் வேண்டிக்கிட்டீங்களா?"

"நானா? சாமியே கும்பிடாதவன் என்னத்த வேண்டறது" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"இல்லீங்களா." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "வேண்டியிருந்தா நல்லா இருக்குமேன்னு நெனச்சேனுங்க. அப்ப என்ற பயந்தாங்கொள்ளித்தனத்தாலதான் நீங்க சண்டைய வுட்டுட்டீங்க. சரிங்க, சாப்புடுங்க." வைத்துவிட்டாள்.

தட்டில் சோறு இருந்தது. கைவைக்க முடியவில்லை. பிள்ளைக்கு ஆகாது, ஆகாது என்று வாயை மூடிக்கொண்டு இத்தனை மாதமும் அவளைத்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். திருப்பி அடிக்கத் தெரியாதவளை.

நானே கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் பிடிக்கிற இடம், என்ன சொன்னேன், முட்டி பொய், மாஸ்டர் முன்னால் கோழையாக நின்றது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தது.

"எந்தச் சாமிக்குங்க வேண்டுனீங்க?"

"பேர் எதும் சொல்லலை."

"ஒரு பேரும் சொல்லலீங்களா? கும்புடற சாமி ஒண்ணுமா வாய்ல வரல?"

"வரலை சௌந்தர்யா. சும்மா சொன்னேன். செவத்தப் பாத்து."

"பேர் சொல்லியிருந்தா அந்தக் கோயிலுக்குப் போயி, மஞ்சத் துணில காசு முடிஞ்சு வெச்சு, வேண்டுதல மாத்திக் கேட்டிருக்கலாமுங்களே. எத்தனயோ பேர் மாத்திக் கேக்கறாங்க." அழுகிறாளா என்று தெரியவில்லை, குரல் மட்டும் பழைய குரலாக இருந்தது, நான்கு மாதம் முன்னால் இருந்த குரல். "இப்ப யாருகிட்டங்க போயிக் கேக்கறது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"அப்ப சரிங்க" என்றாள். "சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

போனைப் பிள்ளையின் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். ஏதோ உறிஞ்சுகிற சத்தம், ஒரு கத்தல், மறுபடியும் உறிஞ்சல். டிரில்லர் கம்ப்ரெசரைப் போட்டுவிட்டான். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் நான் காதிலிருந்து எடுக்கவில்லை.